பின்களத்திலிருந்து பயிற்சிக் களத்துக்கு: நயீமுதீன், சத்யன், கௌலி – கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தேனி மாவட்டத்தில் பந்து என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கூடைப்பந்துதான். பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு ராணுவ அணியும் வங்கி அணிகளும் வந்து இறங்குவதும், ஊரே திரண்டு உட்கார்ந்து பார்ப்பதும் பல தலைமுறைப் பழக்கம். கபடிக்கு ஊருக்கு ஊர் குழு உண்டு. கைப்பந்துக்கும் ஆளுண்டு. கால்பந்தோ பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆடுகிற பையன்கள் இருக்கிறார்கள். குறுவட்டப் போட்டியில் ஜெயிக்கிறார்கள், மாவட்டப் போட்டி வரை போகிறார்கள். அதற்கு மேல் ஏறுகிறவர்கள் கொஞ்சம்.

ஓட்டத்திலோ மூச்சிலோ இவர்களுக்குக் குறை இல்லை. பள்ளிப் பருவத்தில் பந்தை வைத்துக்கொண்டு நான்கு பேரைக் கடந்து போகிற பையனை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த நான்கு பேரும் ஏன் ஒரே பக்கம் ஓடி, ஒரே பந்தின் மேல் விழுந்து, தங்களுக்குப் பின்னால் பாதி மைதானத்தைத் திறந்து விட்டார்கள் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. கோல் அடித்தவனைத் தோளில் தூக்குகிறோம். கோலைத் தடுத்தவன் என்ன செய்தான் என்று சொல்லித்தர ஆள் இல்லை. அதைச் சொல்லித்தரத் தகுதி உள்ளவர் யார் என்று தேடினால், பின்களத்தில் நின்று ஆடிப் பிழைத்து, பிறகு பயிற்சியாளராக மாறியவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அத்தகைய வாழ்வு இந்தியாவில் எப்படி அமைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நடுவில் நிற்பவர் ஹைதராபாத்தின் சையத் நயீமுதீன். அவருக்கு முன்னோடியாக ஜர்னைல் சிங்கும், அவரோடு ஒப்பிட சுப்ரதா பட்டாச்சார்யாவும், நம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் வாழ்ந்த வி.பி. சத்யனும், இன்றைய தலைமுறைக்கு மகேஷ் கௌலியும் எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். இவர்கள் வென்ற கோப்பைகளுக்கெல்லாம் பட்டியல் போடுவது நோக்கம் அல்ல. பின்களத்தில் கற்றது பயிற்சிக் களத்தில் எவ்வளவு தூரம் துணைக்கு வருகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதே கேள்வி.

2. பின்கள வீரர் பார்ப்பது என்ன

முன்கள வீரர் பந்தை வாங்கும்போது பெரும்பாலும் எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஆட்டத்தின் பாதி அவர் கண்ணுக்குத் தெரியாது. நடுப் பின்களத்தில் ஆடும் ஸ்டாப்பர் நிற்கும் இடம் அப்படிப்பட்டதல்ல. கோல்கீப்பரைத் தவிர்த்தால் மைதானம் முழுவதையும் முகத்துக்கு நேரே பார்ப்பவர் அவர் ஒருவர்தான். எதிரணியின் லெஃப்ட் அவுட் கோட்டை ஒட்டி மெல்ல நகர்வதும், தன் அணியின் ஹாஃப் மூச்சு வாங்கி நிற்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததை உடனே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். "லைன் ஏத்து", "கவர் பண்ணு", "ஆளை விடாதே", "பின்னால ஆள்" என்று தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே ஆடுகிறவர் அவர். கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சியாளர் செய்வதைத்தான் உள்ளே நின்றபடி அவர் செய்கிறார்.

இன்னொன்று, தப்பின் கணக்கு. முன்கள வீரர் ஐந்து வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஆறாவதில் கோல் போட்டால் நாயகன். பின்கள வீரர் எண்பத்தொன்பது நிமிடம் பிசகாமல் ஆடி ஒரே ஒரு முறை சறுக்கினால் தோல்வி அவர் பெயரில் எழுதப்படும். இந்தக் கணக்கோடு பல வருடம் வாழ்ந்தவருக்கு ஒழுங்கின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. அந்தப் பிடிப்பே பின்னாளில் அவருக்குப் பலமாகிறது. பலவீனமாவதும் அதுவே.

இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களை எல்லோரும் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 1966 உலகக் கோப்பையை இருவரும் சேர்ந்தே வென்றார்கள். ஆட்டத் திறமையில் தம்பி பாபியின் பக்கத்தில் அண்ணன் ஜாக்கை வைக்க முடியாது. ஆனால் பாபி நிர்வகித்த பிரெஸ்டன் அணி முதல் பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஸ்டாப்பராக இருந்த ஜாக், அயர்லாந்தை 1990 உலகக் கோப்பையின் காலிறுதி வரை கொண்டுபோனார். இதை விதியாக்கிவிடக் கூடாது. வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை முதலில் வென்ற பிரேசிலின் ஸகாலோ முன்களத்தில் ஆடியவர். அந்தச் சாதனையை இரண்டாவதாகச் செய்த பெக்கன்பவர் பின்களத்தவர்.

தமிழ்நாட்டில் பெயர் பெற்ற பயிற்சியாளர்களைப் பார்த்தால் பலர் முன்கள வீரர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்ட சைமன் சுந்தரராஜ், இந்தியன் வங்கியில் ஆடிப் பின்னர் சென்னையின் எஃப்.சி. அணியில் துணைப் பயிற்சியாளரான சையத் சாபிர் பாஷா, ராமன் விஜயன் எல்லோரும் கோல் போடுகிற கூட்டம். தமிழ்நாட்டுக் கால்பந்தின் பயிற்சி மரபில் பின்களத்துக்காரரின் குரல் மெலிந்தே கேட்கிறது என்பது என் கணிப்பு.

3. ஹைதராபாத் விளைநிலம்

நயீமுதீனைப் புரிந்துகொள்ள அவர் ஊரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை அவர் வளர்த்த விதத்தில்தான் அந்த நகரம் இந்தியக் கால்பந்தின் தலைநகரங்களில் ஒன்றானது. 1950 முதல் 1954 வரை அந்த அணி தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணிக்குப் பயிற்சியாளராக ரஹீம் 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும் அவர் கையில்தான். 2024ல் வந்த 'மைதான்' படத்தில் அஜய் தேவ்கன் நடித்தது இவர் வேடத்தை.

ரஹீமின் பெருமையைக் கோப்பைகளை மட்டும் வைத்து அளந்தால் போதாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று இந்தியா சிதறியபோது நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பேக்குகளை நம்பி ஆடிய பழைய முறை அதோடு காலாவதியாகிவிட்டது என்பதை அவர் புரிந்துகொண்டார். பின்களத்தில் நால்வரை நிறுத்தும் முறைக்கு இந்திய அணியை மெல்ல நகர்த்தினார். நால்வர் வரிசை வந்ததும் பின்கள வீரரின் வேலையே மாறிவிட்டது. முன்பு தனி ஆளை மறித்தால் போதும். இப்போது பக்கத்தில் நிற்பவன் எங்கே நகர்கிறான் என்று பார்த்துத் தானும் நகர வேண்டும்.

1962 ஜகார்த்தாவில் ரஹீம் செய்த ஒரு காரியம் இந்த ஆய்வுக்கு முக்கியம். ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்களத்தில் உயரப் பந்துகளைத் தலையால் முட்டி விலக்குவது ஆபத்து. ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இறுதி ஆட்டம் 2-1 என்று முடிந்தது. முதல் கோலைப் போட்டவர் பி.கே. பானர்ஜி. ஆசிரியர் மாணவனின் அடையாளத்தையே மாற்றிப் பார்க்கத் துணிந்தார், மாணவனும் கேள்வி கேட்காமல் ஒப்பினார். ஜர்னைல் பிறகு பஞ்சாப் அணிக்கு ஆடும் பயிற்சியாளராக இருந்து அந்த மாநிலத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை 1970-71ல் வாங்கித் தந்தார். நயீமுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் அவர்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜகார்த்தா இறுதியில் கோல் கம்பத்தில் நின்ற பீட்டர் தங்கராஜ், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் வளர்ந்த வீரர். அந்த மையத்தின் அணி 1955லும் 1958லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டின் மலைச்சரிவு ஒன்றிலிருந்து ஆசியத் தங்கம் வரை போன வழி அது.

4. கேப்டன் நயீம்

1944ல் பிறந்த நயீமுதீன் ஹைதராபாத் காவல்துறை அணியில் ஆடிவிட்டு அறுபதுகளின் நடுவில் கொல்கத்தா போனார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். கொல்கத்தாவில் ஒரு கழகத்திலிருந்து எதிர்க் கழகத்துக்குப் போவது எளிதல்ல. நேற்று தூக்கிக் கொண்டாடியவர்கள் இன்று எதிர்ப்பக்கத்தில் இருப்பார்கள். மூன்று முகாமிலும் இடம் கிடைத்தது என்றால், எந்த வரிசையில் நிறுத்தினாலும் அதை ஒழுங்குபடுத்தக்கூடிய ஆள் என்று மூன்று பேருமே கருதினார்கள் என்று பொருள்.

1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். பயிற்சிப் பொறுப்பில் ஜி.எம்.எச். பாஷாவும் பி.கே. பானர்ஜியும் இருந்தார்கள். அரையிறுதியில் பர்மாவிடம் 0-2 என்று தோற்றாயிற்று. மூன்றாம் இடத்துக்கு எதிரில் நின்றது ஜப்பான். இரண்டே ஆண்டுக்கு முன் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நாடு, இதே போட்டியில் இந்தியாவை ஒரு முறை 1-0 என்று வென்றும் இருந்தது. மஞ்சித் சிங்கின் ஒரே கோலில் இந்தியா வென்றது.

அந்த 1-0 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு நம் உள்நாட்டுப் போட்டிகள் பலவும் தொண்ணூறு நிமிடத்துக்குக் குறைவாகவே ஆடப்பட்டன. அந்தப் பழக்கத்தோடு போனவர்கள், ஓடிச் சலிக்காத ஓர் அணிக்கு எதிராக ஒரு கோலை வைத்துக்கொண்டு கடைசி விசில் வரை காத்தார்கள். கோல் போட்டவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். மிச்ச நேரம் முழுவதும் கோலுக்கு முன்னால் நடந்த வேலைக்குப் பதிவேடு கிடையாது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பதக்கம் வாங்கியது அதுவே கடைசி. அதே ஆண்டு நயீமுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

5. பயிற்சியாளர் நயீம்

சரியாக இருபது ஆண்டு கழித்து, 1990ல், துரோணாச்சாரியார் விருது. கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவருக்கு அந்த விருது போனது அதுவே முதல்முறை. அதே ஆண்டு அவர் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டியூராண்ட், ரோவர்ஸ் மூன்றையும் வென்றது. 1997ல் காத்மாண்டுவில் தெற்காசியக் கோப்பையின் இறுதியில் இந்தியா மாலத்தீவை 5-1 என்று வென்றபோது தேசிய அணி அவர் கையில் இருந்தது. எல்லை தாண்டி டாக்காவிலும் பிரதர்ஸ் யூனியன் கழகத்துக்குப் பயிற்சி தந்தார். பங்களாதேஷ் தேசிய அணியின் பொறுப்பும் பின்னர் அவரிடம் வந்தது.

கண்டிப்பானவர் என்று பெயர். உடல்தகுதி, நேரம், சாப்பாடு என்று எதிலும் விட்டுக்கொடுக்காதவர். பெரிய பெயர் என்பதற்காக யாருக்கும் சலுகை காட்டாதவர். இந்தக் குணத்தைத் தனிமனித இயல்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஸ்டாப்பராக நின்றவருக்கு வரிசையில் ஒருவன் அரை அடி பின்தங்கினாலும் ஆஃப்சைடு பொறி உடைந்துபோகும் என்று தெரியும். நால்வரில் மூவர் சரியாக ஏறி ஒருவர் தூங்கிவிட்டால் மூவரின் உழைப்பும் வீண். அந்த அனுபவத்திலிருந்து வருகிறவர், பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருவதைச் சின்ன விஷயமாக எண்ணுவது கடினம்.

சுப்ரதா பட்டாச்சார்யாவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவரும் ஸ்டாப்பர். ஆனால் 1974 முதல் 1990 வரை அவர் ஆடியது மோகன் பகான் என்ற ஒரே கழகத்துக்கு. பெலேயின் காஸ்மாஸ் அணி 1977ல் ஈடன் கார்டனுக்கு வந்து 2-2 என்று சமன் செய்துவிட்டுப் போனதும் அவர் ஆடிய காலத்தில்தான். பயிற்சியாளராகி அதே கழகத்துக்கு 1999-2000லும் 2001-02லும் தேசிய லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். நயீம் ஊர் ஊராகப் போய் ஒழுங்கைக் கற்றுத்தந்தார். சுப்ரதாவுக்குக் கழகத்தின் சுவரும் தெரியும், சமையற்காரரும் தெரியும். பின்களத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பு என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

6. எட்டாத இடம்

2005ல் நயீம் மறுபடியும் தேசிய அணிக்கு வந்தார். டிசம்பரில் கராச்சியில் தெற்காசியக் கோப்பை இறுதியில் பங்களாதேஷை 2-0 என்று வென்றார்கள். இரண்டே மாதம் கழித்து, 2006 பிப்ரவரியில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் யோகோஹாமாவில் ஜப்பானிடம் 0-6. அடுத்து புதுதில்லியில், சொந்த மண்ணில், யேமனிடம் 0-3. அதோடு அவர் பொறுப்பு முடிந்தது. அந்த ஆண்டிலேயே இங்கிலாந்திலிருந்து பாப் ஹவுட்டனை அழைத்து வந்தார்கள்.

கேப்டனாகப் பாங்காக்கில் ஜப்பானை 1-0 என்று அடக்கியவரின் அணி முப்பத்தாறு ஆண்டு கழித்து அதே நாட்டிடம் ஆறு கோல் வாங்கியது. இதை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயம் அல்ல. இடையில் ஜப்பான் 1993ல் ஜே லீகைத் தொடங்கியது. பள்ளியிலிருந்து தேசிய அணி வரை ஒரே ஏணியாகக் கட்டியது, 1998லிருந்து ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் போனது. நாமோ 1996-97ல்தான் தேசிய லீக் என்ற ஒன்றையே ஆரம்பித்தோம்.

ஆனாலும் பயிற்சி முறை பற்றிய கேள்வியை ஒதுக்க முடியாது. நயீம் ஆடிய காலத்தில் பின்கள வீரர் நெருக்கடி வந்தால் பந்தைக் கோல்கீப்பரிடம் திருப்பித் தள்ளுவார், கோல்கீப்பர் கையால் எடுத்துக்கொள்வார். 1992ல் விதி மாறி, தன் ஆள் காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்று ஆனது. அன்றிலிருந்து பந்தை அடித்து விரட்டத் தெரிந்தால் போதும் என்ற காலம் முடிந்தது. நெருக்கடியில் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கத் தெரிய வேண்டும். ஒழுங்கும் உடல்வலுவும் இதைத் தாமாகத் தந்துவிடாது. கட்டளைக்குப் பழகிய பின்களத்துக்கு, கட்டளை வராத ஒரு நொடியில் தானாக முடிவெடுக்கும் பழக்கம் வேண்டியிருந்தது. நயீமின் கண்டிப்பு தொண்ணூறுகளின் இந்தியாவுக்குப் போதுமானதாக இருந்தது. யோகோஹாமாவுக்குப் போதவில்லை. அவர் சாதனையை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

7. மலைக்கு அந்தப் பக்கம்: சத்யன்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பில் மலையேறினால் குமுளி, அப்புறம் கேரளம். ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் விடியுமுன் ஜீப்பில் ஏறிப்போகிற நம் மக்களுக்கு அந்தப் பக்கத்துக் கால்பந்து வெறி புதிதல்ல. அந்தக் கேரளம் தந்த மிகச் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவர் வி.பி. சத்யன். 1965ல் கண்ணூர் மாவட்டத்தில் பிறந்தவர். கேரளக் காவல்துறை அணி 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் தூண்களில் ஒருவர். இந்திய அணியின் கேப்டனாகவும் இருந்தார்.

1992ல் சந்தோஷ் கோப்பை இறுதி நடந்தது கோயம்புத்தூரில். கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது, கேப்டன் சத்யன். பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு கேரளத்துக்குக் கிடைத்த கோப்பை அது. நம் கொங்கு மண்ணில்தான் அதை அவர் கையில் ஏந்தினார்.

பிறகு சத்யன் சென்னைக்கு வந்தார், இந்தியன் வங்கியில் வேலை. அங்கே ஆடினார், ஆட்டம் முடிந்தபின் பயிற்சி தந்தார். தொழில்முறைக் கால்பந்து என்பதற்கு அந்தத் தலைமுறையில் பொருள் இதுதான்: காவல்துறையிலோ ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை, அந்த நிறுவனத்தின் அணியில் ஆட்டம், கால் ஓய்ந்ததும் அதே நிறுவனத்தில் ஒரு நாற்காலி. சிலருக்கு அந்த நாற்காலி பயிற்சியாளரின் பெஞ்சாக அமையும். காயங்கள் சத்யனை நெடுங்காலம் வாட்டின. 2006 ஜூலை 18 அன்று, நாற்பத்தொன்றாவது வயதில், சென்னையில் அவர் வாழ்வு முடிந்தது. 2018ல் 'கேப்டன்' என்ற மலையாளப் படம் அவர் கதையைச் சொன்னது.

சத்யனைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய பின்கள வீரரிடம் இருக்கும் அறிவு ஆட்டத்தின் மிக விலையுயர்ந்த சொத்து. அதை வாங்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் ஏற்பாடு நம்மிடம் ஒழுங்காக இருந்ததே இல்லை. சான்றிதழ், ஊதியம், மருத்துவம், மனத்துக்கு ஆதரவு என்று நான்கும் சேர்ந்தால்தான் ஆட்டக்காரர் பயிற்சியாளராக மாற முடியும். நிறுவன வேலை இவற்றில் ஊதியத்தை மட்டுமே உறுதி செய்தது.

8. கராச்சியில் கோல் போட்ட ஸ்டாப்பர்

கராச்சி 2005 இறுதிக்குத் திரும்புவோம். இந்தியா போட்ட இரண்டு கோலில் ஒன்று பாய்ச்சுங் பூட்டியாவுடையது. முதல் கோலைப் போட்டவர் கோவாவின் மகேஷ் கௌலி, பின்கள வீரர். நயீமின் பயிற்சியில் ஆடிய அந்த ஸ்டாப்பர் பின்னாளில் உரிமப் படிப்புகளை முடித்துப் பயிற்சியாளரானார். தேசிய அணியில் இகோர் ஸ்டிமாச்சுக்குத் துணையாக இருந்தார். ஸ்டிமாச்சும் 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் பின்கள வீரர் என்பது கவனிக்கத்தக்கது.

2023ல் பெங்களூருவில் தெற்காசியக் கோப்பை. ஸ்டிமாச்சுக்குச் சிவப்பு அட்டையால் தடை விழுந்தது. லெபனானுக்கு எதிரான அரையிறுதியிலும், ஜூலை 4 அன்று குவைத்துக்கு எதிரான இறுதியிலும் பெஞ்சில் பொறுப்பாக நின்றவர் கௌலி. அரையிறுதி கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டியில் 4-2. இறுதி 1-1 என்று முடிந்து, பெனால்டியில் 5-4. கூடுதல் நேரத்தையும் சேர்த்து இருநூற்று நாற்பது நிமிடத்தில் இந்தியா வாங்கியது ஒரே கோல்.

ரஹீமின் ஹைதராபாத்திலிருந்து நயீம், நயீமின் அணியிலிருந்து கௌலி. குருவும் சீடனும் என்று இதை நேர்க்கோடாக வரைய நான் துணியமாட்டேன். கௌலி பல பயிற்சியாளர்களிடம் கற்றவர். ஆனால் நயீமின் காலத்தில் இல்லாத ஒன்று கௌலிக்குக் கிடைத்தது, அது படிப்பு. டி உரிமத்தில் தொடங்கி, ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்று ஏறும் படிகள் இன்று இருக்கின்றன. ஆட்டக்காரனின் உள்ளுணர்வை அந்தப் படிப்பு பாடமாக மாற்றித் தருகிறது.

9. கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் பொருத்துவது

இங்கே பின்களம் வளராததற்கு இரண்டு காரணம் எனக்குப் படுகிறது. ஒன்று நேரம். முன்கள வீரன் தனியாகக்கூடப் பழகலாம், பள்ளிச் சுவர் ஒன்று போதும். பின்கள நால்வர் ஒன்றாக வந்தால்தான் பழக முடியும். தோட்ட வேலைக்குப் போய்வருகிற இளைஞன் ஒருநாள் வருவான், மறுநாள் வரமாட்டான். அறுவடை வந்தால் பதினைந்து நாள் காணமாட்டான். நால்வரில் ஒருவன் மாறிக்கொண்டே இருந்தால் வரிசை உருவாகாது. ஆகவே பள்ளிக்கூடத்தில், எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே, நால்வரைப் பிரிக்காமல் மூன்று ஆண்டு சேர்த்து வைப்பது உடற்கல்வி ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய காரியம்.

இரண்டாவது காரணம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கு மலை இடைவெளி வழியாக வருகிற தென்மேற்குக் காற்றில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காற்றுக்கு எதிரே உயர அடித்து விலக்கிய பந்து நடுமைதானத்தைத் தொடாமல் மேலே நின்று, சுழன்று, அடித்தவன் தலைக்கே திரும்பி வரும். கண்டமனூர்ப் பக்கம் காற்றாலை சுழல்கிற அதே காற்று. வெளியூர் அணி இதில் தடுமாறும். உள்ளூர்ப் பையனுக்கு உடம்பு பழகியிருக்கும், காரணம் சொல்லத் தெரியாது. பின்களம் அறிந்த பயிற்சியாளர் இதைப் பாடமாக்குவார். காற்று முகத்தில் அடிக்கும் பாதியில் பந்தைத் தரையோடு, பக்கக் கோட்டை நோக்கி விலக்க வேண்டும். எதிரணியின் நீளப் பந்து எதிர்பார்த்ததைவிட அதிகம் ஓடும் என்பதால் வரிசை நாலடி பின்னுக்கு இருக்க வேண்டும், தலைக்கு மேல் போனதைக் கோல்கீப்பர் வெளியே வந்து எடுக்க வேண்டும். காற்று முதுகில் இருக்கும் பாதியில் எதிரணியின் பந்து குறைவாக விழும். அப்போது வரிசையைத் துணிந்து நடுக்கோட்டுப் பக்கம் ஏற்றலாம். எந்தப் புத்தகத்திலும் இந்தப் பள்ளத்தாக்குக்கென்று இதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இங்கே பின்களத்தில் ஆடியவர்தான் எழுத வேண்டும்.

அப்படி ஆடியவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். கல்லூரி அணியில், மாவட்ட அணியில் பேக்காக நின்றவர்கள் இன்று கடை வைத்திருக்கிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள், திராட்சைத் தோட்டம் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து ஓரமாக நின்று, "ஏத்துடா லைனை" என்று அவர்கள் கத்துவதைக் கேட்கலாம். அந்தக் குரலை டி உரிமப் படிப்புக்கு அனுப்ப வேண்டும். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்கும், சுப்ரதோ கோப்பைக்கும், முதலமைச்சர் கோப்பைக்கும் பள்ளி அணிகள் தயாராகும் மாதங்களில் உடற்கல்வி ஆசிரியருக்குத் துணையாக அவர்களை மைதானத்துக்குள் அழைக்க வேண்டும். படிப்புக் கட்டணத்தையும் பயணச் செலவையும் ஊர்ச் சங்கமோ வர்த்தகர்களோ ஏற்றால் நல்லது. கபடிக் குழுவுக்கு நம் ஊர்களில் சட்டை வாங்கித் தருவதில்லையா?

பயிற்சிக்குப் பெரிய செலவும் கிடையாது. ஜார்ஜ் கிரகாம் ஆர்சனல் அணிக்குப் பயிற்சி தந்தபோது பின்கள நால்வரையும் ஒரே கயிற்றில் பிணைத்து நகரப் பழக்கினார் என்று சொல்வார்கள். ஒருவன் இடப்பக்கம் போனால் மற்ற மூவரும் போயாக வேண்டும், பின்தங்கினால் கயிறு இழுத்துக் காட்டிக்கொடுக்கும். கம்பத்தில் எந்தத் தோட்டத்துக் கொட்டகையிலும் அந்த நீளத்துக்குக் கயிறு கிடைக்கும். மாலை ஐந்து மணிக்கு நான்கு பேர் தவறாமல் வர வேண்டும், கூப்பிட்டு நிறுத்த ஒரு பழைய ஸ்டாப்பர் வேண்டும்.